முன்னால் கடல், பின்னால் வாவி: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் நீண்டகாலச் சூறாவளி அபாயத்தை மதிப்பிடும் வழி

மட்டக்களப்பில் சூறாவளி என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுக்குப் போய்விடும். அன்று கரை கடந்த சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டத்தின் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. அந்த இரவைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனாலும் வளவு வாங்கும்போதும், வீட்டுக்குக் கூரை போடும்போதும், கடன் எடுக்கும்போதும் அந்த நினைவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. “அது ஒரு காலம்” என்பார்கள், இல்லையென்றால் “கடவுள் விட்ட வழி” என்பார்கள். இரண்டிலும் மதிப்பீடு என்பது இல்லை. ஒரு குறிப்பிட்ட வளவு, அதிலுள்ள வீடு, அதில் வாழும் குடும்பம் ஆகிய மூன்றையும் முன்வைத்து, அடுத்த பல ஆண்டுகளுக்கான அபாயத்தை நீங்களே நிதானமாக மதிப்பிடும் முறையைப் படிப்படியாக விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு கொப்பி, ஓர் அளவு நாடா, அயலிலுள்ள மூத்தவர்களிடம் கேட்கும் பொறுமை ஆகியவை போதும்.

முதற்படி: எத்தனை ஆண்டுகளுக்கான முடிவு என்பதைத் தீர்மானியுங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு வாடகைக்கு இருப்பவரின் அபாயமும், பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வீடு கட்டுபவரின் அபாயமும் ஒன்றல்ல. “ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் சூறாவளி” என்று சொல்லக் கேட்டால், ஒன்று வந்துபோனபின் ஐம்பது ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம் என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். அது பிழை. எந்தவொரு ஆண்டிலும் அது வருவதற்கான வாய்ப்பு 2 வீதம் என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இந்த ஆண்டும் அதே 2 வீதம்தான்.

இந்த 2 வீதம் சிறியதாகத் தோன்றும். ஆண்டுகள் சேரச் சேர அது வளர்கிறது. பத்து ஆண்டுகளில் ஒரு முறையேனும் அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 வீதம். முப்பது ஆண்டுகளில் 45 வீதம். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று எடுத்துக்கொண்டாலும் முப்பது ஆண்டுகளில் 26 வீதம் ஆகிறது. 1978இன் அளவிலான அடி மட்டக்களப்பு நகரின் மீது அதன்பின் விழவில்லை. ஒரேயொரு நிகழ்வை வைத்துத் துல்லியமாகப் பேச முடியாது என்றாலும், மேற்சொன்ன இரண்டு கணக்குகளுக்கும் இடையில் நமது நிலை இருக்கிறது என்று கொள்வது நியாயமானது. அதாவது, இன்று வீடு கட்டும் முப்பது வயதுக்காரர், தாம் அறுபதை எட்டுவதற்குள் அத்தகைய ஓர் இரவைக் காண்பதற்கு நான்கில் ஒன்று முதல் ஏறக்குறைய இரண்டில் ஒன்று வரை வாய்ப்பு உண்டு. இந்த எண்ணைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வரலாற்றைச் சரியாக வாசியுங்கள்

வங்காள விரிகுடாவில் சூறாவளிகள் ஆண்டில் இரண்டு பருவங்களில் கூடுதலாக உருவாகின்றன: ஏப்ரல், மே ஒன்று, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியவற்றுள் பெரும்பாலானவை நவம்பர், டிசம்பர் மாதங்களில் வந்தவை. மத்திய கோட்டுக்கு மிக அருகில் சுழல் உருவாவதற்குத் தேவையான புவிச்சுழற்சியின் விசை குறைவு. மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில் இருப்பதால், ஆந்திரா, ஒடிசா கரைகளோடு ஒப்பிட்டால் இங்கே அடி குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி நமது நாட்டின் வடக்கையும் கடந்தே சென்றது. 2000 டிசம்பர் 26ஆம் திகதி ஒன்று திருகோணமலைப் பகுதியில் கரை கடந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் நுழைந்தது. இவை வடக்கே போனது பாதையின் தற்செயல். நூறு கிலோமீற்றர் தெற்கே விலகியிருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆகையால் உங்கள் ஊரை நேரடியாகத் தாக்கியவற்றை மட்டும் எண்ணாமல், முழுக் கிழக்குக் கரையையும் ஒரே இலக்காக எண்ணிப் பாருங்கள்.

காற்றின் வேகத்தைக் கொண்டு வைக்கப்பட்ட பெயர்கள் அபாயத்தை முழுமையாகச் சொல்வதில்லை என்பதும் வரலாறு தரும் பாடம். மணிக்கு 62 கிலோமீற்றருக்குக் குறைந்த காற்றுடையது தாழமுக்கம் எனப்படுகிறது. அதற்கு மேல்தான் சூறாவளி. 118ஐத் தாண்டினால் மிகத் தீவிரமான சூறாவளி. ஆனால் 2024 நவம்பர் 26ஆம் திகதி, பின்னர் ஃபெங்கல் என்று பெயரிடப்பட்ட தொகுதி இன்னும் பெயரில்லாத தாழமுக்கமாக இருந்தபோதே, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோதும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் காற்றல்ல. மலையகத்தில் கொட்டிய மழையும் மண்சரிவும். (அந்தப் பெயர் யேமன் நாடு கொடுத்தது, சொகோத்ரா தீவிலுள்ள ஒரு வாவியின் பெயர். வாவிக் கரையில் வாழும் நமக்கு அது விசித்திரமான பொருத்தம்.)

ஊரின் மூத்தவர்களிடம் கேட்கும்போது “பெரிய காற்றா?” என்று கேட்காதீர்கள், “ஓம், பெரிய காற்று” என்ற பதிலே கிடைக்கும். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது, எந்தப் படிக்கட்டு வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, காற்று இடையில் ஓய்ந்து பின் எதிர்த்திசையில் அடித்ததா, கிணற்று நீர் எப்போது மீண்டும் குடிக்கக்கூடியதாயிற்று என்று கேளுங்கள். 1978, 2004, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏனெனில் நினைவில் சூறாவளியும், சுனாமியும், 2011 ஜனவரி வெள்ளமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

மூன்றாம் படி: ஓர் அபாயத்தை நான்காகப் பிரியுங்கள்

காற்று, கடல் ஏற்றம், வாவியிலும் ஆற்றிலும் பெருகும் மழை வெள்ளம், துண்டிக்கப்படுதல் என்று நான்கு பக்கங்களை ஒதுக்குங்கள். ஒரே வளவு ஒன்றில் பாதுகாப்பாகவும் மற்றொன்றில் மிக மோசமாகவும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் சேர்த்து “அபாயம் உண்டா, இல்லையா” என்று கேட்பதால் ஒன்றும் விளங்காது.

கடல் ஏற்றத்தைச் சுனாமியோடு குழப்பக் கூடாது. 2004இல் அலை வந்து நின்ற எல்லையே சூறாவளிக்கும் எல்லை என்று நம்புவோர் பலர். சுனாமி கடலடி அதிர்வால் வருவது. கடல் ஏற்றம் காற்று நீரைக் கரைக்குத் தள்ளுவதாலும், அமுக்கம் குறைவதாலும் வருவது. அமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றர் உயரும். எஞ்சியது காற்றின் வேலை. ஆழமற்ற கடல் நெடுந்தூரம் விரிந்திருக்கும் வங்காளதேசத்தில் நீர் பல மீற்றர் குவியும். நமது கிழக்குக் கரையில் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழமற்ற கடற்படுகை) ஒடுங்கியது என்பதால் அந்த அளவு குவிவதில்லை. ஆனால் ஆழமான நீர் அருகிலேயே இருப்பதால் பேரலைகள் வலிமை குன்றாமல் கரையில் மோதி மணல் மேட்டை அரிக்கின்றன. ஆகையால் சுனாமி எல்லைக்குள் இருக்கும் எல்லா வளவும் கடல் ஏற்றத்தால் மூழ்கும் என்றும் இல்லை. அந்த எல்லைக்கு வெளியே இருப்பதனால் வாவி வெள்ளத்திலிருந்து தப்பலாம் என்றும் இல்லை.

திசையும் முக்கியம். நமது அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழலும். அது கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்து கரையைக் கடக்கும்போது, மையம் உங்களுக்குத் தெற்கே போனால் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும். கடல் ஏற்றம் உங்கள் பக்கம்தான். மையம் வடக்கே போனால் காற்று மேற்கிலிருந்து வீசும். கடல் பின்வாங்கியதுபோல் தோன்றும், ஆனால் வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையின் பின்புறத்தில் வாவி நீர் ஏறும். நாவலடி போலக் கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் வாழ்பவர் இந்த இரண்டையுமே தமக்குரியதாக எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: வளவை அளவிடுங்கள்

இங்கேதான் கூடுதல் நேரம் செலவிடவேண்டும். கடலிலிருந்துள்ள தூரத்தையே எல்லோரும் கேட்கிறார்கள். சுனாமிக்குப் பின் கிழக்கில் 200 மீற்றர் என்று அறிவிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்ட கட்டுப்பாட்டு வலயமும் அந்தப் பழக்கத்தை வளர்த்தது. தூரத்தைவிட உயரம் முக்கியம். உயரத்தைவிடவும் நீர் எந்த வழியால் வந்து எந்த வழியால் போகும் என்பது முக்கியம். 

கைத்தொலைபேசி காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். சில மீற்றர் பிழை அதில் சாதாரணம். நமது ஊரில் சில மீற்றர் என்பதே முழு உயரமும். செய்மதி உயர வரைபடங்கள் சில, தென்னை உச்சியை நிலமென்று எடுத்துக்கொள்வதும் உண்டு. இதற்கு எளிய வழி, மேசன்மார் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய். 2011இலோ 2024இலோ வெள்ளம் நின்ற தடம் அயலில் ஒரு சுவரிலாவது இருக்கும்; இல்லாவிட்டால் வீட்டுக்காரர் விரலால் காட்டுவார். அந்தத் தடத்திலிருந்து குழாய் மட்டத்தைக் கொண்டுவந்து உங்கள் வீட்டின் தரைமட்டத்தோடு ஒப்பிடுங்கள். தரை அந்தத் தடத்துக்கு எத்தனை அங்குலம் மேலே, அல்லது கீழே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பார்வையில், இந்த முழு மதிப்பீட்டிலும் மிகப் பெறுமதியான ஒற்றை எண் அதுதான்.

அடுத்து, நீரின் வழி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்குள், அதன் மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்து ஆறுகளும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவு திறக்கும்போது வரும் நீரும் சேர்கின்றன. கடலுக்கு அதன் வாசல்கள் இரண்டு: பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கத்து ஆற்றுவாய். மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிடும் வேலை ஒவ்வொரு மாரியிலும் பேசப்படுகிறது. சூறாவளி நேரத்தில் கடலே உயர்ந்திருப்பதால், வாசல் திறந்திருந்தாலும் நீர் வெளியேறத் தயங்கும். மழை நின்று இரண்டு நாள் கழித்தே வாவிக் கரையில் உச்ச வெள்ளம் வரக்கூடும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். வானம் வெளித்தவுடன் பாய், பெட்டிகளைக் கீழே இறக்குபவர்கள்தான் இரண்டாம் முறை நனைகிறார்கள். அம்பாறைப் பக்கத்தில் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரும் கல்லோயா வழியாக வயல்வெளிகளைத் தாண்டிக் கரையை நோக்கியே வருகிறது. உங்கள் அயலில் வடிகான், தோணா (வெள்ளநீர் கடலுக்கு வடியும் இயற்கை ஓடை), தாழ்ந்த வயல் ஆகியவற்றை அண்மையில் யாரேனும் நிரப்பினார்களா என்று பாருங்கள். நிரப்பியிருந்தால் பழைய வெள்ளத் தடம் இனி உங்களுக்குப் பொருந்தாது; அதற்கு மேல் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

கடற்பக்கத்தில் மணல் மேடும் அதன்மேலுள்ள அடம்பன் கொடியும் முழுமையாக இருக்கின்றனவா, தோணி ஏற்றவோ வீதி போடவோ எங்கேனும் வெட்டப்பட்டிருக்கிறதா என்று நடந்து பாருங்கள். வெட்டிய இடமே நீரின் வாசல். வாவிப் பக்கத்தில் கண்டல் மரங்கள் எத்தனை அடி அகலத்துக்கு மிஞ்சியிருக்கின்றன என்பதையும் குறியுங்கள். கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். கரை எத்தனை மீற்றர் பின்வாங்கியது என்பது அதில் தெரியும். ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பின் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் ஏற்பட்ட அரிப்பை அங்குள்ள எவரும் காட்டுவர். கரை ஆண்டுக்கு இரண்டு மீற்றர் பின்வாங்கினால், இன்று 100 மீற்றர் தள்ளியிருக்கும் வளவு முப்பது ஆண்டுகளில் 40 மீற்றர் வளவாகிவிடும்.

ஐந்தாம் படி: வீட்டைக் கூரையிலிருந்து கீழே வாசியுங்கள்

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 1978க்குப் பின், பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான கையேடு ஒன்று 1980இல் வெளியாயிற்று. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை முதலாம் வலயத்தில் வைத்தது: சாதாரணக் கட்டடத்துக்கு வினாடிக்கு 49 மீற்றர், வைத்தியசாலை போன்றவற்றுக்கு 54 மீற்றர். மூன்றாம் வலயத்தில் சாதாரணக் கட்டடத்துக்கு 33 மீற்றர் மட்டுமே. வர்க்கக் கணக்கில் பார்த்தால், அங்கே போதுமான கூரை இங்கே வேண்டிய பலத்தில் பாதியைக்கூடக் கொண்டிருக்காது. வேறு மாவட்டத்து வீட்டைப் படம் பார்த்துக் கட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வீட்டு வரைபடம் வரைபவரிடம் “இது எந்த வலயத்துக்கு வரைந்தது?” என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் அதுவே பதில்.

காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது. ஓரங்களிலும் முகட்டிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு மிகுதி. ஆகையால் தகரத்திலிருந்து அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சிலாகைக்கும், சிலாகையிலிருந்து சாய்வுச் சட்டமான கைமரத்துக்கும், கைமரத்திலிருந்து சுவரின் மேலோடும் கொங்கிறீற் வளையத்துக்கும், அங்கிருந்து அத்திவாரத்துக்கும் இடைவிடாத பிடிப்பு இருக்கவேண்டும். ஓரிடத்தில் வெறும் ஆணி மட்டும் இருந்தால் முழுக் கூரையின் பலமும் அந்த ஆணியின் பலமே. ஏணி வைத்து ஏறி, கைமரம் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டப்பட்டிருக்கிறதா, கடற்காற்றில் அது துருப்பிடித்து உதிர்கிறதா என்று பாருங்கள். நான்கு பக்கமும் சரிந்த கூரை, முக்கோணச் சுவருள்ள இருபக்கக் கூரையைவிடக் காற்றை நன்கு தாங்கும். விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாகப் போட்டிருந்தால், விறாந்தை தூக்கப்படும்போது வீட்டுக் கூரையையும் சேர்த்துக் கொண்டுபோகும். காற்றுப் பக்கத்து யன்னல் உடைந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும். ஆதலால் யன்னலுக்குப் பலகைக் கதவு ஆடம்பரமன்று.

வசதி குறைந்தவர்கள் முழு வீட்டையும் மாற்ற முடியாது. ஓர் அறைக்கேனும் கொங்கிறீற் மேற்தட்டு போடுவது பெரும் பயன் தரும். ஆனால் கடல் ஏற்றம் எட்டக்கூடிய வளவில் அந்த அறையைத் தஞ்சமாகக் கருதக்கூடாது. காற்றுக்கு ஒளிய அறை, நீருக்கு வெளியேற வழி. இரண்டையும் குழப்பினால் உயிராபத்து. வீட்டின் மேல் விழக்கூடிய தென்னைகளையும், தூணில்லாமல் நீளும் மதிலையும் எண்ணிக்கொள்ள மறக்காதீர்கள்.

ஆறாம் படி: துண்டிக்கப்படும் நாட்களை எண்ணுங்கள்

வீடு நின்றாலும் ஊர் தீவாகலாம். கிரான்–புலிபாய்ந்தகல் வீதி, சம்மாந்துறையிலிருந்து காரைதீவுக்கு வரும் வீதி போன்றவை வெள்ளத்தில் மூழ்குவது புதினமல்ல. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இருமுறை வைத்தியசாலை செல்லும் ஒருவர் வீட்டில் இருந்தால், அல்லது பேறுகாலம் நவம்பர், டிசம்பரில் விழுந்தால், வீதி எத்தனை நாள் மூடப்படும் என்பதே உங்கள் முதன்மையான அபாயம். கூரை அதற்கு அடுத்தது. கடல்நீர் புகுந்த கிணறும் இதில் சேரும். சுனாமிக்குப் பின் இக்கரையில் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தும் உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. மாரி மழையே அதை மெல்லக் கழுவியது.

வருமானத்தையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். வள்ளம், வலை, தென்னை, பெரும்போக வயல் எல்லாம் ஒரே வாரத்தில் அடிபடக்கூடியவை. சூறாவளிப் பருவமும் பெரும்போகமும் ஒன்றாகவே வருகின்றன. தென்னை மீண்டும் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். வீட்டில் ஒருவருக்கேனும் கரையைச் சாராத வருமானம் இருந்தால் அபாயம் உண்மையிலேயே குறைகிறது. காப்புறுதி எடுப்பவர்கள், தீக் காப்புறுதியில் சூறாவளியும் வெள்ளமும் தனித்தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

ஏழாம் படி: மாறும் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்டிமீற்றர் உயர்ந்தது. 2006க்குப் பிந்தைய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். அந்த வேகமே நீடித்தாலும் முப்பது ஆண்டுகளில் 11 சென்டிமீற்றர். கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் நான்காம் படியில் உங்கள் தரை வெள்ளத் தடத்துக்கு ஐந்து அங்குலமே மேலே இருந்தால், அந்த ஐந்து அங்குலத்தில் பெரும்பகுதி இந்த உயர்விலேயே கரைந்துவிடும். சூறாவளிகளின் எண்ணிக்கை கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் வருபவற்றுள் தீவிரமானவற்றின் பங்கு கூடியிருக்கிறது, ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்குகிறது. எனவே காற்றுக் கணக்கைவிட வெள்ளக் கணக்கையே தாராளமாகக் கூட்டிப் போடுங்கள்.

எட்டாம் படி: முடிவெடுங்கள்

நான்கு பக்கங்களிலும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுங்கள்: உயிர் போகுமா, வீடு போகுமா, ஒரு மாத வருமானம் போகுமா? உயிர் போகும் என்ற விடை ஒரு பக்கத்தில் வந்தாலும், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெளியேறும் ஒழுங்கு இல்லாமல் அங்கே இருக்கக்கூடாது. எந்த எச்சரிக்கையில், எந்த வீதியால், எந்த உறவினர் வீட்டுக்கு அல்லது பாடசாலைக்குப் போவது என்பதை எழுதிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் அந்தத் தாளில் இருக்கட்டும். வீடு போகும் என்பது விடையானால், செலவைக் கூரைப் பிடிப்பிலும் தரை உயர்த்துவதிலும் இடுங்கள். நிலத்தின் விலையில் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். கடலோரத்து மலிவான வளவும் வாவியோரத்து விலை கூடிய வளவும் எதிரெதிரே நின்றால், கடலைக் கண்டு அஞ்சி வாவியோரத்தை எடுப்பவர்களே அதிகம். அடிக்கடி வரும் வெள்ளத்தைத் தேர்ந்து, அரிதாய் வரும் அலையைத் தவிர்த்தோம் என்பதை அவர்கள் அறிந்தே செய்யவேண்டும். என்னைக் கேட்டால், இரண்டிலிருந்தும் விலகிய, நடுவிலுள்ள மணல் மேட்டு முதுகில் சிறிய காணியே மேல். பழைய கோயில்களும் பள்ளிவாசல்களும் எந்த நிலத்தில் நிற்கின்றன என்று உங்கள் ஊரில் பார்த்தால், முன்னோர் எதைத் தேர்ந்தார்கள் என்பது தெரியவரும்.

இந்தக் கொப்பியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், அயலில் புதிய வீதி, மதகு, துறைமுகம், நிரப்பிய வயல் ஆகியவற்றில் ஏதேனும் வரும்போதும் மீண்டும் திறவுங்கள். கூரைப் பட்டிகளையும் ஆணிகளையும் மட்டும் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம், வாடைக்காற்று தொடங்கும் முன், ஏணி வைத்துப் பாருங்கள்.